வாண்டாவின் தனிப் பயணம்

அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வாண்டா குபியாக். வருஷத்துக்கு ஒரு தடவை பவுலிங் கூட்டாளிகளை வெளியூர் காசினோவுக்குச் சூதாடக் கூட்டிப்போவது அவள் வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவளே எடுத்துக்கொண்டது. இயந்திரத் திரையில் சீட்டாடும் வீடியோ போக்கர்காரர்களுக்கு ஏதோ ஒரு இடம் போதாது. ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டுமாக ஃபுல் ஹவுஸ் விழுந்தால் கட்டிய காசுக்கு ஒன்பது மடங்கு தரும் இயந்திரம் வேண்டும். எட்டு தருகிற இடத்தில் வாண்டா கால் வைக்கமாட்டாள். காசினோக்களுக்குப் போன் போட்டு, “நேர்ல போய் நின்னு பாத்துச் சொல்லும்மா” என்று அங்கிருக்கும் பெண்களை நடக்கவிடுவாள்.

அந்த வருஷம் கூட்டாளி மார்வின் புதிதாக ராக்ஸேனைக் கட்டிக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது வாண்டா, இந்தத் தடவை கடலோரப் பிலாக்சி காசினோ என்று ஆரம்பித்தாள்.

“வேகாஸ் காசினோல எனக்கு ஆள் இருக்கார்,” என்றாள் ராக்ஸேன். “ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ஏர்போர்ட்டுக்கே நீளக் கார் வரும். பாவம் வாண்டா, எத்தனை நாள்தான் நீயே மண்டைய உடைச்சுப்ப?”

“அங்க மெஷின் எவ்ளோ தருதுன்னு கேட்டியா?”

“ஓசில கூப்பிடறவங்ககிட்ட அதெல்லாமா கேப்பாங்க?”

மேஜையே சிரித்தது. வாண்டாவின் புருஷன் லெஸ்டரும் சிரித்தான். வாண்டாவுக்கு அந்தப் ‘பாவம்’ மட்டும்தான் காதில் நின்றது.

திரும்பும் வழியில் லெஸ்டர், “நல்ல பொண்ணுதான்,” என்றான்.

“அப்ப அவகூடவே போ.”

கூட்டாளிகள் எல்லோரோடும் வேகாஸுக்குப் போயே விட்டான். அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. அதே வாரம் அவள் தனியாகப் பிலாக்சிக்குக் கிளம்பினாள்.

இரண்டாம் நாள் பகலில் அவளுக்கு விழுந்தது. பத்திலிருந்து ஏஸ் வரை ஐந்தும் ஸ்பேடு. ராயல் ஃப்ளஷ்; போக்கரில் அதைவிடப் பெரிய கை கிடையாது. “லெஸ்டர்!” என்று வாய் தானாகக் கத்தியது. பக்கத்துத் தொப்பிக்காரர் எட்டிப் பார்த்து, “பரவால்லயே!” என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார். வாண்டா லெஸ்டரைப் போனில் கூப்பிட்டாள்.

“வாண்டா! ராக்ஸேனுக்கு ராயல் விழுந்துடுச்சு, நேத்து! எங்க எல்லாருக்கும் ஸ்டேக் விருந்து வாங்கிக் குடுத்தா!”

ஐந்து சீட்டும் அவள் முகத்துக்கெதிரே மின்னிக்கொண்டே இருந்தன. தன் அதிர்ஷ்டம்கூட ராக்ஸேனுடையதற்குப் பின்னால் வரிசையில் நின்றதுபோல் இருந்தது.

“சந்தோஷம்னு சொல்லு,” என்று வைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் ராக்ஸேன் கேக்கோடு வாசலில் நின்றாள். “என்னைத் தவிர எல்லார் காசையும் அந்த வேகாஸ் மெஷின் உறிஞ்சிடுச்சு. நான் இனிமே திட்டம் போடமாட்டேன். நீயே போடு.”

அவளை உட்காரவைத்துக் காப்பி ஊற்றிக்கொண்டே வாண்டா சொன்னாள்: “எனக்கும் ராயல் விழுந்தது.”

ராக்ஸேன் துள்ளி எழுந்து கட்டிக்கொண்டாள். “அடிப்பாவி, ஏன் சொல்லல!” அதில் துளியும் நடிப்பில்லை. வாண்டாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறு வருஷம் பிலாக்சியில் எல்லோருக்கும் கடல் பார்த்த அறை பிடித்தாள். ராக்ஸேனுக்கு மட்டும் லிஃப்டை ஒட்டி, ராத்திரியெல்லாம் கடகடவென்று பனிக்கட்டி கொட்டும் இயந்திரத்துக்கு அடுத்த அறை.

மறுநாள் காலை ராக்ஸேன் பளிச்சென்று இறங்கி வந்தாள்.

“எப்படிம்மா இந்த ரூமப் புடிச்ச? அந்த இரைச்சல்ல மார்வின் குறட்டையே கேக்கல! கல்யாணம் ஆனதுலேருந்து இப்படித் தூங்கினதே இல்ல.”

வாண்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள், ரொட்டி கிழிகிற மாதிரி.