பந்தலுக்கு ஒரு நங்கூரம்

நானும் என் மனைவியும் கப்பலைப் பார்த்ததில்லை. ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டம்தான் எங்களுக்குத் தெரிந்த உலகம். ஒரு ஞாயிறு பூசையில் சாமியார், புயலில் கப்பலை இழுத்துப் பிடிக்கும் நங்கூரம் போன்றது விசுவாசம் என்று பிரசங்கம் செய்தார். மறுநாள் தோட்டத்தில், பந்தல் கம்பியை இழுத்துக் கட்டுவதற்காக மூலையில் புதைத்திருக்கும் கல்லை அவள் காட்டினாள்.

"சாமியார் சொன்னாகல்ல, அது இதுதாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கல்லுக்கு நங்கூரம் என்றே பெயர். மழை பெய்தால், "நங்கூரம் எளகிருச்சான்னு பாருங்க" என்று என்னை விரட்டுவாள்.

போன வருடம் அவளுக்கு ஈரல் கெட்டு, தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அது பழம் அறுக்கும் சமயம். விடாத மழை வேறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் கத்தினார்.

"அண்ணே, மேக்க மூலைக் கல்லு எளகிருச்சு. பந்தல் சாயுது, ஒடனே வாங்க!"

அவளுக்கும் கேட்டுவிட்டது. "போங்க. நான் எங்கன ஓடிப்போகப் போறேன்?"

"சாஞ்சா சாயட்டும்" என்றேன்.

"கூறுகெட்ட மனுசன். ஒரு வருசப் பாடு போகுதே!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நான் ஆண்டவரிடம் அவளைக் கேட்டேன், பழத்தைக் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் அவளை எடுத்துக்கொண்டார்.

பந்தலை ஊர்க்காரர்கள் நிமிர்த்திக் கட்டிக்கொடுத்தார்கள். கொடி மறுபடி தழைத்திருக்கிறது. அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. இன்னும் வாய் வரவில்லை.