வெள்ளையாக விட்ட இடம்

சங்ககிரியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். அணைத் தண்ணீரில் ஊரே மூழ்கிப்போய் எங்கள் தெருவுக்குக் குடிவந்த செல்லாயி, ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு படத்தையும் கொண்டு வந்தாள். நிலம் அளக்க வந்தவர் விட்டுப்போன நீர்வர்ணத்தில், ஊரைக் காலி செய்யும் முன் அவளே வரைந்தது. அதுதான் அவளுடைய முதல் படம்.

"இவன் பெருசானா எங்க ஊரைக் காட்டோணுமுங்கண்ணா. நல்லா இருக்குதுங்களா?"

"மலை பணியாரமாட்டம் இருக்குது அம்மணி. வெச்சுட்டுப் போ, சரி பண்ணித் தாரேன்."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். படத்தின் நடுவில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தது. பலகையில் வெள்ளை வேண்டுமென்றால் நான் வெள்ளை வர்ணம்தான் பூசுவேன். வரையத் தெரியாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்து, அங்கே ஒரு தென்னந்தோப்பு வைத்தேன்.

சாயங்காலம் வந்தவள் அந்தத் தோப்பின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கதானுங்க எங்க ஊடு. சுண்ணாம்பு அடிச்ச செவுரு. அதான் காயிதத்தை அப்படியே உட்டு வெச்சேன்."

பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது.

"இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம் அம்மணி."

"எதைப் பாத்துங்கண்ணா?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதன்பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும், வெற்றிடம் எதற்கென்று கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறேன். அன்றைக்கு அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.