ராத்தா அக்காவாகப் போன நாள்

வாயைக் கட்டி வைப்பதில் எங்கள் வீட்டில் எனக்குத்தான் கடைசி இடம். வீட்டுப் பூனைகூட எனக்கு மேலேதான். அப்படிப்பட்ட என்னை, ஒன்பது வயதில், ராத்தாவுக்குத் துணையாகத் தம்புள்ளைக்கு அனுப்பினார்கள். எங்கள் பேச்சில் ராத்தா என்றால் மூத்த சகோதரி. அந்தச் சொல்லை மட்டும் நான் அன்று சொல்லிவிடக்கூடாது.

தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம் அது. வைத்தவர்கள் எங்கள் சமயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அதன் பிறகு மாத்தளையில் வாப்பாவின் புடவைக்கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. ராத்தா மூன்று மொழியிலும் டைப் பண்ணுவாள். வேலை கேட்டுப் போன மூன்று இடங்களில் அவளுடைய முக்காட்டைப் பார்த்தவுடனேயே "ஆள் எடுத்தாச்சு" என்றார்கள். "ஆட்கள் தேவை" என்ற அட்டை என்னவோ கண்ணாடியில் தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

நான்காவது, தம்புள்ளையில் ஒரு விதைக்கடை. போனில் ராத்தா தன் பெயரின் பின்பாதியை மட்டும் சொன்னாள். அது எந்தச் சமயத்துப் பெண்ணுக்கும் பொருந்தும்.

"மொதல்ல எண்ட வேலையப் பாக்கட்டும். முழுப் பேரப் பொறகு சொல்றேன்" என்றாள் உம்மாவிடம்.

உம்மா, "பொட்டு மட்டும் வெச்சிராத மகள்" என்றார்.

நாவுலை தாண்டியதும் ராத்தா பஸ்ஸிலேயே முக்காட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் முழுவதும் அவளுடைய தலைமுடியையே பார்ப்பதாக எனக்கு உடம்பு கூசியது. ஒருவரும் பார்க்கவில்லை, பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய என்னான்டு கூப்பிடுவா?" என்று என்னிடம் கேட்டாள் ராத்தா.

"அக்கா."

"உம்மாவ?"

"அம்மா. வாப்பா வந்து அப்பா. பூனையையும் மாத்தணுமா?"

ராத்தா சிரிக்கவில்லை. சோதனைச் சாவடியில் ஓர் இராணுவக்காரர் ஏறி அவளுடைய பையைத் திறந்தார். மேலாகவே முக்காடு கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளுடைய தலையைப் பார்த்தார், பையை மூடிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. தம்புள்ளை வரை அடக்கிக்கொண்டது என் வாழ்நாளின் முதல் வீரச்செயல்.

கடையில் மிளகாய் விதை மூட்டைகளுக்கு நடுவே முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். ராத்தாவுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்து டைப் பண்ணச் சொன்னார். நான் ஸ்டூலில் உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிதத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தார்.

அப்போதுதான் மிளகாய்த் தூசி என் மூக்கில் ஏறியது. தும்மினேன். தும்மிய கையோடு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

தும்மினால் இறைவனைப் புகழ வேண்டும். கேட்டவர், இறைவன் உனக்கு இரங்கட்டும் என்ற பொருளில் "யர்ஹமுகில்லாஹ்" என்று பதில் சொல்ல வேண்டும். நடக்கும் முன்பே எங்களுக்குப் பழகிவிடுகிற வழக்கம் அது. பஸ்ஸில் பார்த்த ஒத்திகையில் இது இருக்கவில்லை.

முதலாளியம்மா நிமிர்ந்தார். "என்னம்மா சொன்ன?"

வாய் என்னைக் கைவிடவில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சொல்லுவாங்க, மேடம். கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

அவர் மூச்சு விட்டுச் சிரித்தார். "அப்பாடா, பயந்துட்டேன்! அந்த ஆளுங்கள இப்ப வேலைக்கு வச்சா கடைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. எனக்கு ஒன்னும் இல்லங்க, கஸ்டமருக்காகத்தான் பாக்குறேன். நீங்க நாளைக்கே வாங்க, தங்கச்சி."

வேலை கிடைத்துவிட்டது! என் சாமர்த்தியத்தால்! பெருமையோடு ராத்தாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். மத்ரஸாவில் ஓதிக்காட்டுவது போல ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக,

"யர்ஹமுகில்லாஹ்" என்றாள்.

முதலாளியம்மா கடிதத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். "சரி, சொல்லி அனுப்புறேன்" என்றார். யாரிடம் சொல்லி அனுப்புவார் என்று நாங்கள் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் ராத்தா வீதியில் நின்றே முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று நான் இரண்டடி தள்ளியே நடந்தேன். அவள் அடிக்கவில்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தாள். அவள்மேல் எனக்குப் பாவமாகிவிட்டது.

"கவலப்படாதீங்க ராத்தா" என்றேன் காதோடு. "வாய் தவறுறது எல்லாருக்கும்தான். அடுத்த எடத்துல நான் தும்ம மாட்டேன்."

வீட்டு வாசலிலேயே முந்திக்கொண்டு கத்தினேன்: "நான் சமாளிச்சிட்டேன் உம்மா! ராத்தாதான் மறந்துபோய் பதில் சொல்லிட்டாங்க!"

வாப்பா ராத்தாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ பெருநாள்களில், சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம், ராத்தா வாய் தவறி வேலையை விட்ட கதையை நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.