ஒரே பக்கம் பார்த்து நின்ற ஹீலியம்

சுஜிதா பார்க்கும் வேலை என்னவென்று சொந்த ஊரான ஆத்தூரில் யாருக்கும் புரியவில்லை. புரியாததால் மரியாதை கிடைத்தது. சம்பளம்தான் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. நாசரேத்தில் பள்ளி, தூத்துக்குடியில் கல்லூரி, பிறகு எங்கெங்கோ அலைந்து முனைவர் பட்டம். எல்லாம் முடித்து வந்து சேர்ந்த உத்தியோகம், வாயுவை வரிசையில் நிறுத்துவது.

ஹீலியம்-3 வாயுவின் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கும். சுஜிதா அவற்றைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து, லேசர் ஒளி காட்டி, ஒரே பக்கம் பார்க்க வைப்பாள். அப்படி நிற்கும் எரிபொருளை அணுக்கரு இணைவு உலையில் இட்டால் ஆற்றல் கூடுதலாக வரும் என்பது கணக்கு. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் பத்துப் பேரைக்கூட நேராகப் பார்க்க வைக்க முடியாத ஊரில் இப்படியொரு பிழைப்பு.

வரிசை கலைய, பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு வந்தால் போதும். அதனால் சாவி, ஊக்கு, பெல்ட் எல்லாம் லேப் வாசலோடு சரி. திட்டத் தலைவர் ராஜதுரையே பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

அவர் சொல்லியிருந்தார்: "குலசேகரன்பட்டினம் சோதனைக்கூடத்துக்கு ஒரு குமிழ் கலையாமப் போய்ச் சேரணும்மா. சேந்தா உன் போஸ்ட் நீளும். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல." கலைந்தால் போவது அவள் வேலை, சேர்ந்தால் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. நல்ல ஏற்பாடு.

குமிழைக் கம்பிச்சுருள் சுற்றிய பெட்டியில் வைத்து, காரின் பின் சீட்டு நடுவில் கட்டினாள். காரின் தகரம் வரிசையைக் கலைக்காதிருக்கத் தனிக் கணக்குப் போட்டிருந்தாள். டிரைவர் ஜெயகணேஷின் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறக்கச் சொன்னாள்.

"பஞ்சரானா என்னக்கா செய்ய?"

"நடந்து போவோம்."

வழியில் ஆத்தூர். அம்மா இசக்கித்தாய் ரோட்டிலேயே துணிப்பையோடு நின்றாள். தூக்குச்சட்டியில் சீலா மீன் குழம்பு. சுஜிதா தூக்குச்சட்டியை மட்டும் வெளியே எடுத்து, காந்தமானியை நீட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை, நல்ல எவர்சில்வர். திரும்பப் பைக்குள் வைத்து, குழம்பு சிந்தக் கூடாதென்று பையைப் பெட்டியோடு ஒட்டி அணைத்து வைத்தாள். முனைவருக்கும் பசிக்கும்.

சோதனைக்கூடத்தில் அளந்தபோது பூஜ்யம். கருக்கள் எல்லாம் பழையபடி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ராஜதுரை போனில், "பரவால்லம்மா, வேற எடம் பாத்துக்கோ" என்றார்.

சுஜிதாவுக்கு அழுகை வந்தது. கூடவே பசியும் வந்தது. தூக்குச்சட்டியை எடுத்தாள். பையின் அடியில், துணியில் சுற்றிய அரிவாள் துண்டு. மீன் கொண்டு போகிறவர்களைப் பேய் தொடராதிருக்க இரும்பு போட்டு அனுப்புவது ஊர் வழக்கம். மற்றவர்கள் ஆணி போடுவார்கள். பெற்ற மகள் என்பதால் இசக்கித்தாய் தாராளம் காட்டியிருந்தாள்.

சுஜிதா அம்மாவுக்குப் போனைப் போட்டு, குமிழ் கதையைச் சொல்லி ஆத்திரத்தையெல்லாம் கொட்டினாள். "அந்த இரும்புதாம்மா எல்லாத்தையும் கலச்சிட்டு. என் வேலையே போச்சு."

இசக்கித்தாய் கேட்டாள்: "ஏளா, அந்தக் குமிழுக்குள்ள இருந்தது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இரும்பு கிட்ட வந்தா நிக்காதா?"

"நிக்காது."

"அத மடியில வச்சிக்கிட்டா இம்புட்டு நாளும் கெடந்த? வேல போனா போவுது. நீ தப்பிச்சியே, அது போதும்."

 சுஜிதா அரிவாள் துண்டைப் பழையபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்தாள்.