நல்லையா கட்டிய கம்பி

மலாய் நாட்டுக் கடலோர ஊரான காஜா பேராங்கில் நல்லையாவின் சைக்கிள் கடையைத் தெரியாதவர்கள் அந்த நாளில் குறைவு. பஞ்சர் ஒட்டுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். சைக்கிளில் சுமை கட்டுவதில் மட்டும் அவருக்கு ஈடு கிடையாது. ரொட்டிக்காரரின் தகரப்பெட்டியோ, ஐஸ்காரரின் மரப்பெட்டியோ, எதுவானாலும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறடால் நான்கு முறுக்கு முறுக்கி, முனையை உள்பக்கம் மடக்கிவிடுவார். "வண்டி உடைஞ்சாலும் என் கட்டு அவிழாது" என்பார். அப்படித்தான் இருந்தது அவர் வேலையும்.

1956 அக்டோபர் கடைசியில் வில்மட் துரை அவரைத் தேடி வந்தார். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வெகுகாலம் துரையாக இருந்தவர். அடுத்த வருடம் சுதந்திரம் என்று முடிவாகியிருந்தது. தோட்டத்தை விட்டுவிட்டு, தம் சொந்தப் பாய்மரப் படகிலேயே மனைவியுடன் ஊர்போய்ச் சேர்ந்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். தோட்டத்தில் கற்ற தமிழ் அவருக்குச் சரளமாக வரும்.

"ரெண்டு சைக்கிள், நல்லையா. படகுலே கட்டணும். போற துறைமுகத்துலெல்லாம் எறக்கி ஓட்டுவோம்."

படகு ஆற்று முகத்துவாரத்தில் கிடந்தது. நல்லையா போய்ப் பார்த்தபோது மேல்தட்டில் கால் வைக்க இடமில்லை. மண்ணெண்ணெய் டின்கள், தண்ணீர் டின்கள், சுருட்டிய மாற்றுப் பாய், நீளமான ஒரு மரக்கழி, இரும்புப் பெட்டி. கீழே அறையில் தையல் மெஷினும் புத்தகங்களும் கூரைவரை அடைத்துக்கொண்டிருந்தன. சைக்கிள்களுக்கு மிஞ்சியது படகோரத்துக் கம்பி வேலி ஒன்றுதான்.

நல்லையா பெடலைக் கழற்றினார். ஹேண்டில்பாரைத் திருப்பி மடக்கினார். செயினிலும் சக்கரத்திலும் கிரீஸ் அப்பி, இரண்டு சைக்கிளையும் வேலியோடு சேர்த்து நிறுத்தினார். படகைக் காவல் பார்த்த மலாய்ப் பெரியவர் பாக் டாவுட் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தார். கம்பிச் சுருளைப் பார்த்ததும் மலாயில் சொன்னார்.

"கம்பி வேணாம் நல்லையா. கயிறு போடு. அவசரம்னா ஒரு கத்தி போதும், அறுத்துத் தள்ளிடலாம்."

துரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இன்னொருவர் தன் வேலையில் குறை சொன்னது நல்லையாவுக்குச் சுருக்கென்றது. "என் கட்டை எதுக்கு அறுக்கணும், பாக்?" என்று சிரித்தபடி, வழக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறவர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் நான்கு சுற்றுச் சுற்றினார். துரை சைக்கிளைப் பிடித்து உலுக்கினார். படகுதான் ஆடியது.

பாரம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, முதலில் பக்கத்திலிருக்கும் பூலாவ் பெசார் தீவுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள். மூன்றாம் நாள் விடிந்து திரும்புகையில், விடியலில் மழையோடு திடீரென்று அடிக்கும் சுமத்திராக் காற்று பிடித்துக்கொண்டது. உஜோங் பாசிர் மீனவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து எழ முடியாமல் கிடந்ததாம். துரை சாய்ந்த தட்டில் மண்டியிட்டு எதையோ அறுத்துக்கொண்டே இருந்தாராம். டின்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. அடுத்த மழைத்திரை விலகியபோது படகு இல்லை. துரையின் மனைவி துரைசாணியை மட்டும் தண்ணீரிலிருந்து தூக்க முடிந்தது.

செய்தி கேட்ட நல்லையா, 'பெரிய காற்று, யார் என்ன செய்ய முடியும்' என்று ஊரெல்லாம் சொன்னதையே தானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மீனவர் கடை வாசலில் மாட்டுவண்டியை நிறுத்தினார். வலையில் சிக்கியதாம். சைக்கிள்காரருக்கு உதவுமே என்று கொண்டுவந்திருந்தார். துரைசாணியின் சைக்கிள். அதோடு வேலியின் ஒரு துண்டும், பெயர்ந்து வந்த பலகைச் சிம்பும் வந்திருந்தன. நான்கு சுற்றும் அப்படியே இருந்தன.

அந்த ஆள் போனபிறகு நல்லையா குனிந்து பார்த்தார். கம்பியில் கத்தி விழுந்த தடங்கள் தெரிந்தன. விரலால் தடவினார். ஒன்றையடுத்து ஒன்றாக, முதலில் ஆழமாக, போகப்போக மேலோட்டமாக, கை தளர்ந்ததுபோல. ஒரு சுற்றுக்கூட அறவில்லை.

சைக்கிளைப் பின்கட்டில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினார். அன்றிலிருந்து குறடைக் கையில் எடுத்தால் மூன்றாவது முறுக்கில் மணிக்கட்டு நின்றுபோனது. பட்டப்பகலில், வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரும்பில் கத்தி உரசும் சத்தம் அவருக்குப் பின்கட்டிலிருந்து கேட்டது. எழுந்து போய்ப் பார்ப்பார். சாக்கு போட்டது போட்டபடி இருக்கும்.

"அங்க யாரைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி பூங்காவனம்.

"யாருமில்ல. எலி."

துரைசாணி பண்டார் ஹிலிரில் சிநேகிதி வீட்டில் தங்கி, கப்பலுக்குக் காத்திருந்தார். ஒரு காலையில் சட்டை மாற்றிக்கொண்டு நல்லையா அங்கே போனார். சொல்லிவிட வேண்டும். ஏசினால் ஏசட்டும், போலீசில் சொன்னால் சொல்லட்டும்.

வராந்தாவில் அந்த அம்மாள் மெலிந்து உட்கார்ந்திருந்தார். நல்லையா வாயைத் திறக்குமுன் துரைசாணியே பேசினார்.

"சைக்கிள் பத்திக் கவலைப்படுறியா, நல்லையா? சைக்கிள் அன்னைக்குப் படகுலே இல்லே. தீவுலேயே குடுத்துட்டோம். துரை தானே கழட்டிக் குடுத்தாரு."

நல்லையா அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அசையவில்லை.

"சரிங்கம்மா" என்றார். படியிறங்கினார்.

திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தார். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். மன்னித்திருந்தால் அழுதிருப்பார். நடக்கவே இல்லை என்று சொன்னவரிடம் எதைக் கேட்பது? பொய்தான், பின்கட்டில் சைக்கிள் நிற்கிறது. ஆனால் சைக்கிள் இரண்டாயிற்றே. ஒன்றையாவது கொடுத்திருப்பார்களோ? ஒன்று குறைந்திருந்தாலும் அந்த அளவுக்குப் பாரம் குறைந்திருக்குமே. இந்த எண்ணம் அவரை மாதக்கணக்கில் குடைந்தது.

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் தோரணம் கட்டியபோது அவரையும் ஏணியில் ஏற்றிக் கம்பி கட்டச் சொன்னார்கள். கட்டாமலே இறங்கிவிட்டார். அடுத்த வாரமே பாக் டாவுட்டைக் கூட்டிக்கொண்டு பூலாவ் பெசாருக்குப் போனார்.

தீவில் கரையோரமாகத் தென்னந்தோப்பு வைத்திருந்த மாட் யூசுப்புக்கு எல்லாம் நினைவிருந்தது.

"சைக்கிளா? யாருக்கும் குடுக்கலை. ஆனா அந்த மேம் குடுக்கத்தான் சொன்னாங்க. படகு சாயுது, எறக்கிடலாம்னு ரெண்டு நாளும் துரைகிட்ட ஒரே சண்டை. துரை ஒத்துக்கலை. கட்டினவன் நல்லாக் கட்டியிருக்கான், பிரிக்க மனசு வரலைன்னாரு. அப்புறம் மேம் பேசாம இருந்துட்டாங்க."

நல்லையா மணலில் உட்கார்ந்துவிட்டார். மாட் யூசுப் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

படகில் திரும்பும்போது பாக் டாவுட் துடுப்பை நிறுத்தி, "அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார். நல்லையாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கரை சேர்ந்த மறுநாள், ஊர் போய்விட்ட துரைசாணியின் முகவரியைப் பண்டார் ஹிலிர் வீட்டில் வாங்கி, கணக்கெழுதும் கிராணி தம்பிராஜாவிடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னார். இரண்டே வரி. உங்கள் சைக்கிள் கடலிலிருந்து வந்து என்னிடம் இருக்கிறது. அறுக்க முடியாதபடி கட்டியது நான்தான்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. தம்பிராஜா வரிவரியாகத் தமிழில் சொன்னார். "எனக்குத் தெரியும். நீ வந்த அன்று உன்னை அதைச் சொல்லவிட்டால் நானும் என் பங்கைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன். இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் களைத்துப்போய் விட்டுவிட்டேன். இங்கே பலமாகக் காற்றடித்தால் இன்னும் எனக்கு அந்தக் கத்திச் சத்தம் கேட்கிறது."

"பதில் எழுதணுமாண்ணே?" என்றார் தம்பிராஜா.

"எனக்கும் கேக்குதுன்னு எழுதுங்க."

அதன்பிறகு கடிதப் போக்குவரத்து இல்லை. நல்லையா இன்னும் இருபது வருடத்துக்கு மேல் கடை நடத்தினார். சுமை கட்டக் கயிறுதான். ஒரு முனையை இழுத்தால் முழுதும் அவிழும்படி முடிச்சுப் போடுவார். ரொட்டிப்பெட்டி வழியில் சரிந்தது என்று சண்டைக்கு வந்தவர்களிடமும் வாதாடவில்லை. சுமத்திராக் காற்று வீசும் காலைகளில் மட்டும் அவர் கடை திறப்பதில்லை. ஏன் என்று கேட்பதைப் பூங்காவனமும் நாளடைவில் விட்டுவிட்டாள்.