அஞ்சலைக்கு நான் எழுதிய சீட்டு

நான் பொய் எழுதினேன். ஒரு பெண்ணுக்கு வேலையால் வந்த நோயை, அவளுடைய சுபாவம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பிறகு நீங்கள் என்னை என்னவென்று நினைத்தாலும் சரி.

லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் ஆஸ்பத்திரி டிரசர். ஊசி போடுவேன், காயத்துக்குக் கட்டுக் கட்டுவேன், யாரால் வேலை செய்ய முடியாது என்று சீட்டு எழுதுவேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் உக்கிரமாக இருந்த நாள்கள் அவை.

ஒரு காலையில், காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் வேலையாள்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டியைச் சுட்டுக் கொன்றார்கள். பத்தடி தள்ளி மரம் சீவிக்கொண்டிருந்தாள் அஞ்சலை. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அன்றுமுதல், உளியைத் தொட்டாலே அவள் கை நடுங்கியது. மரங்களுக்கிடையே போனால் மூச்சடைத்து விழுந்தாள். வேலையிடத்தில் வந்த பாதிப்பு இது, நஷ்டஈடு வேண்டும் என்று தொழிற்சங்கத்துக்காரர் அவளுக்காக மனுப் போட்டார்.

தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, என்னிடம் வந்தார்.

"காயம் எங்க லா? ரத்தம் எங்க? இதுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு லயத்துல இருக்குற அத்தன வீடும் நடுங்கும், டிரசர். முன்னாடியே இருந்த நோயின்னு போட்டுடுங்க."

வெள்ளைக்காரத் துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி எழுதினேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! அந்த வசதியான காரணம்கூட எனக்கில்லை.

முனியாண்டியின் உடலைக் கழுவித் துணி சுற்றியவன் நான். அதற்குப் பிறகு என் கையும் நடுங்கியது. மருந்துப் புட்டிக்குள் ஊசியைச் செருக முடியாமல், கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். அவளுக்கு வந்தது நோய் என்றால், எனக்கு வந்ததும் நோய்தானே? படித்தவன், ஆண்பிள்ளை... எனக்கா?

எழுதினேன். 'பிறவியிலேயே பயந்த சுபாவம். சம்பவத்தால் வந்ததன்று.' சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்பு நானே அவளைப் பரிசோதித்து, பூரண ஆரோக்கியம் என்று பதிந்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே எழுதினேன்!

மனு தள்ளுபடியானது. அவள் வேலை போயிற்று. கைக்குழந்தையோடு லயத்தைவிட்டுப் போனாள்.

ஆறு ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. அவள் சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் ஒரு வீட்டில் துணி துவைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் போனேன். கிணற்றடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

பிழிந்துகொண்டிருந்த துணியை அவள் கீழே வைத்தாள்.

"அப்ப அது பொய்யா, டிரசரையா?"

"பொய்தாம்மா."

"நான் நம்பிட்டேனே... கிராணி படிச்சுக் காட்டுனாரு. டிரசருக்குத் தெரியாததா, நம்ம பொறப்பே கோழைப் பொறப்புன்னு நெனச்சேன். எம்மவகிட்டயும் அப்படித்தான் சொல்லி வளக்குறேன். ஆத்தா மாதிரி இருக்காத, நீயாச்சும் தைரியமா இருன்னு."

மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட கேக்காதீங்க. எழுதிக் குடுத்த எடத்துல போயி சொல்லுங்க."

போனேன். மனுவைத் தள்ளிய சிரம்பான் அலுவலகத்தில், முடிந்துபோன பழைய கோப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். மறுவாரமும் போனேன். என் பெயர், என் பொய், இன்றும் நிற்காத என் கை நடுக்கம்... யாவற்றையும் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். என் வேலை போகுமா? போகட்டும்!

கோப்பு ஒருநாள் திறக்கலாம். ஆனால் அந்தச் சிறுமி தன் தாயைக் கோழை என்று நம்பி வளர்ந்த ஆண்டுகளை நான் எங்கே போய்த் திருத்துவேன்? எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.