பதினொரு மணி பஸ்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு தை மாதம், அப்பா எங்களை லண்டனிலிருந்து எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிழமைக்கல்ல, ஆறு கிழமைக்கு; ஒன்றரை மாதம். பாலைவனத்துக்கும் செங்கடலுக்கும் நடுவே, குளிருக்குத் தப்பி வருகிறவர்களுக்கென்றே கட்டிய ஊர் அது. அப்பாவோடு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த எகிப்துக்காரரின் அண்ணருக்கு அங்கே ஒரு சின்ன மாடிவீடு சும்மா கிடந்தது. லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுச் சுவர்களில் ஈரம் ஊறிக்கொண்டிருந்த நேரம். வெயில் பட்டால் அம்மா தேறிவிடுவார் என்று அப்பா நம்பினார்.

தம்பியைக் கொண்டுவருவதாகச் சொல்லி கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, வெறுங்கையோடு திரும்பியிருந்தார். தம்பி பிறக்கும்போதே உயிரோடு இல்லை. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று விட்டுவிட்டார்கள். சின்னப்பிள்ளையோ தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது: தம்பிக்கு விசா கிடைக்கவில்லை.

இதில் என்னைக் குறை சொல்ல முடியாது. அறை ஒதுக்கி, கட்டில் வாங்கி, ஆள் வராமல் போனதும் கட்டிலைக் கழற்றி வைப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மாமாவுக்கு விசா மறுத்தபோதும் அப்படித்தான் நடந்தது; அப்போதும் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தார். லண்டனுக்குள் விடாத சொந்தக்காரரை வேறொரு நாட்டில் போய்ச் சந்திப்பதும் எங்கள் ஆட்களின் வழக்கம். பெரியப்பா தன் தமக்கையைச் சென்னையில் வைத்துத்தான் பார்த்தார். ஆகவே நாங்கள் எகிப்துக்குப் போவது தம்பியைப் பார்க்கத்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

லண்டனில் நான் அப்பாவைக் கண்டதெல்லாம் ஒன்றில் ஷிப்டுக்கு ஓடும்போது, அல்லது தூங்கும்போது. எகிப்தில் அவருக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. விடிந்ததும் வாசல் மணலைக் கூட்டினார். காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. அவர் திரும்பக் கூட்டினார். பிறகு பருப்பு வைத்தார். அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே மரியாதை. மற்ற நேரமெல்லாம் பல்கனியில் வெயில் நகர நகர அம்மாவின் கதிரையையும் நகர்த்திக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடியபடி இருந்தார். கேட்டதற்கு “ஓம்” என்பார், அல்லது “வேண்டாம்” என்பார். அம்மா இனி இப்படியே இருந்துவிடுவாரோ என்று அப்பா பயந்திருக்க வேண்டும்.

எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு பெரிய ஹோட்டல். காலை பதினொரு மணிக்கு விமான நிலைய பஸ் அங்கே வந்து நிற்கும். நான் படியில் குந்தியிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். கைக்குழந்தைகளும் வந்தார்கள்தான், ஆனால் எல்லாரும் வெள்ளைக்காரக் குழந்தைகள். எனக்கு பஸ் என்றால் உயிர் என்று நினைத்து அப்பா ஒரு விளையாட்டு பஸ் வாங்கித் தந்தார். பாவம் மனிதர்.

நாலாவது கிழமை, அப்பா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், அம்மா தானாகவே படியிறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“ஒவ்வொரு நாளும் ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய், பிள்ளை?”

“தம்பியை.”

அம்மா என்னையே பார்த்தார். அவருக்கு விளங்கவில்லையென்று நான் விளக்கினேன்.

“லண்டனுக்குத்தானே விசா குடுக்கேல்லை. இஞ்சை வரலாம்தானே, அம்மா?”

அம்மாவின் வாய் கோணியது. இங்கேயும் விட மறுத்துவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எனக்கு அவர் மேல் இரக்கம் பொங்கியது.

“அழாதேங்கோ அம்மா. அப்பீல் போடுவம். மாமாவுக்கும் மூண்டாம்தரம்தானே குடுத்தவங்கள்.”

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பெரிய சத்தமாக அழுதார். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. தெருமுனையில் வந்துகொண்டிருந்த அப்பா பைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்னப்பா, என்ன நடந்தது?”

“இவள்... தம்பிக்கு அப்பீல் போடட்டாம்.”

காலையில் கூட்டிய வாசலிலேயே இருந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் அழுதார். தக்காளிகள் தெருவில் உருண்டு கிடந்தன.

அன்று மத்தியானம் அம்மாவே சமைத்தார். எனக்குக் குழைத்து ஊட்டினார், தானும் சாப்பிட்டார். அப்பா இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டார். அன்றும் அவர்கள் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை. நான் சொன்ன யோசனை பிடித்துப்போய்த்தான் இருவருக்கும் தெம்பு வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு நான் கீழே இறங்கவில்லை. அப்பீல் என்றால் மாதக்கணக்கில் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும்.